பாட்டுப் பாடும் மாட்டுக்காரப் பையன்

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கணக்குத் தப்பாய்ப் போட்ட பையனைப் பார்த்து உபாத்தியாயர், "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வைவது வெகுகால வழக்கம். இந்த வசவு வாங்காமல் படித்துத் தேறியவர்கள் நமது வாசகர்களில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள் என்றே நினைக்கின்றோம். நாமும் வாங்கியவர்கள்தான். கடலூரில் நாம் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த வசவில் கைதேர்ந்த உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் சினிமா என்றால் உயிர். அதிலும் அகலத் தொப்பி வைத்து, குதிரைமேல் உட்கார்ந்து, கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டு வருகிற அமெரிக்கப் படமென்றால் சாப்பாடுகூட வேண்டியதில்லை. மறுநாள் வகுப்புக்கு அந்த மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டே வருவார். அந்தப் படத்தில் பாடுகிறவன் யார் சார் என்று ஒருநாள் கேட்டோம். "கௌபாய்" என்றார். 'கவ்' என்றால் பசு, 'பாய்' என்றால் பையன் என்று அவரே முன்வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தபடியால், "அப்படியானால் மாட்டுக்காரப் பையன்தானே சார்?" என்று கேட்டுவிட்டோம். அதற்குப் பதிலாகக் கிடைத்தது இரண்டு பிரம்படி.

அந்த அடி வலித்ததைவிட அதிலுள்ள ஞாயம் விளங்காததுதான் நமக்கு இத்தனை காலமாக உறுத்திக்கொண்டிருக்கின்றது. டெக்சாஸில் மாடு மேய்த்தால் கதாநாயகன். காட்டுமன்னார்கோயிலில் மேய்த்தால் வசவு. இதென்ன தருமம் என்று விசாரித்துப் பார்க்கப் போனதில், அந்த டெக்சாஸிலும் உண்மையாய் மாடு மேய்த்தவனுக்கு இந்த மரியாதை ஒருநாளும் கிடைக்கவில்லை என்பது தெரியவந்தது. ஆகவே இந்தச் சங்கதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த பிறகு, டெக்சாஸில் கேட்பாரற்றுப் பெருகிக்கிடந்த மாடுகளை வடக்கே கன்சாஸிலுள்ள ரயில் நிலையங்களுக்கு ஓட்டிப்போய் விற்கும் வியாபாரம் தொடங்கிற்று. 1867 முதற்கொண்டு ஏறக்குறைய இருபது வருஷம் அது மும்முரமாக நடந்தது. ஆயிரம், இரண்டாயிரம் மாடுகளை ஒரு மந்தையாக்கி, பத்துப் பன்னிரண்டு பேர் குதிரைமேல் இருந்துகொண்டு மாதக்கணக்கில் ஓட்டவேண்டும். வெயில், புழுதி, ஆற்று வெள்ளம், இவ்வளவுக்கும் கூலி மாதம் சுமார் 30 டாலர். இந்த வேலையைச் செய்தவர்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகின்றார்கள். நேற்றுவரை அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள் அவர்கள். இன்னொரு பெரும்பங்கு மெக்சிகோக்காரர்கள். சுருக்குக் கயிறு வீசுவதும் அந்தத் தொழிலின் பாதிச் சொற்களும் அவர்களிடமிருந்து வந்தவையே. ஆக, நமது உபாத்தியாயர் உருகி உருகிப் பார்த்த ஜாதிக்காரர் அந்தத் தொழிலில் ஒரு பங்குதான்.

அவர்கள் பாடினார்களா என்றால், பாடத்தான் பாடினார்கள். ஆனால் எதற்காகப் பாடினார்கள் என்பதுதான் விஷயம். இராத்திரியில் மந்தை படுத்திருக்கும்போது ஒரு சுள்ளி ஒடிந்தாலும், குதிரை தும்மினாலும் மாடுகள் மிரண்டு ஒரே ஓட்டமாக ஓடும். அந்த ஓட்டத்தில் அகப்பட்டவன் பிழைப்பது அரிது. ஆகையால் காவல் சுற்றுகிறவன் மெல்லிய குரலில் ஏதேனும் இழுத்துப் பாடிக்கொண்டே சுற்றுவான். இருட்டில் நகர்வது நம் ஆள்தான் என்று மாட்டுக்குத் தெரிவதற்காகப் பாடின பாட்டு அது. வேலைக்காரனுக்குக் கயிறு எப்படியோ அப்படியே அந்தப் பாட்டும் ஒரு கருவி. இப்படிப் பாடப்பட்டவற்றை ஜான் லோமாக்ஸ் என்பவர் சேர்த்து 1910இல் புத்தகமாக அச்சிட்டார். அதில் மிகவும் பேர்பெற்றுவிட்ட ஒரு பாட்டின் மெட்டை, மந்தைகளோடு சமையற்காரராய் நடந்த ஒரு கறுப்பரிடமிருந்துதான் அவர் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1883இல் டெக்சாஸின் வடகோடியில் இந்த மாட்டுக்காரர்கள் கூட்டாக வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதம் 50 டாலர் கொடு என்பது கோரிக்கை. பண்ணைக் கம்பெனிகள் வேறு ஆளை வைத்துக்கொண்டன, வேலைநிறுத்தம் தோற்றது. துப்பாக்கிச் சண்டையை ஆயிரம் படத்தில் காட்டின ஹாலிவுட்டுக்கு இந்தச் சண்டை மாத்திரம் ருசிக்கவில்லை போலும்!

இனி, பேசும் படம் வந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1935இல் ஜீன் ஆட்ரி என்பவர் பாடிக்கொண்டே குதிரையில் வந்தார். அவர் முன்பு ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். ரேடியோவில் பாடிப் பேர் எடுத்தவர். படம் ஓடின ஓட்டத்தைக் கண்டு ஆளுக்கொரு பாடகரைக் குதிரைமேல் ஏற்றினார்கள். கிட்டார், பிடில், தொண்டையை உடைத்து உடைத்துப் பாடுகிற 'யோடல்' எல்லாம் சேர்ந்து ஒரு தனிச் சங்கீதமே உண்டாயிற்று. அந்த யோடல் கடல் தாண்டி வந்து நம் ஜே.பி. சந்திரபாபுவின் தொண்டையிலும் ஏறிக்கொண்டதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் படங்களில் கதாநாயகனின் சட்டையில் பூவேலை இருக்கும், பூட்ஸ் பளபளக்கும். சாணி ஒட்டாது. மாடு எங்கேயோ தூரத்தில் தானாக மேய்ந்துகொண்டிருக்கும். மேய்ப்பவன் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரையில் பாடுவான், சுடுவான், பெண்ணைக் காப்பாற்றுவான். வேலை மாத்திரம் செய்யமாட்டான். கூலி வாங்குவதைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். படத்தில் கூலியே கேட்காத ஜீன் ஆட்ரி, நிஜத்தில் 1938இல் "சம்பளம் போதாது" என்று கம்பெனியோடு சண்டையிட்டுப் படப்பிடிப்புக்குப் போகாமல் நின்றுவிட்டார். முதலாளி என்ன செய்தார்? 1883இல் பண்ணைக்காரர் செய்ததையே செய்தார். வேறு ஆளைப் போட்டார். அப்படிப் புகுந்தவர்தான் பிற்பாடு உலகமெல்லாம் பேர்பெற்ற ராய் ராஜர்ஸ். அவருடைய சொந்தப் பெயர் லெனர்ட் ஸ்லை. செருப்புத் தொழிற்சாலையிலும் பழத்தோட்டத்திலும் கூலி வேலை பார்த்தவர். திரையில் மறைக்கப்பட்ட கூலிச் சண்டை, திரைக்குப் பின்னால் நடந்துகொண்டுதான் இருந்தது.

கறுப்பர் பாடு என்ன? தனித் தியேட்டரில் உட்கார்த்தி வைக்கப்பட்ட கறுப்பு ஜனங்களுக்கென்று, ஹெர்ப் ஜெஃப்ரீஸ் என்கின்ற பாடகரை வைத்து 1937 முதல் 1939க்குள் சில படங்கள் எடுத்தார்கள். ஜெஃப்ரீஸ் இதில் இறங்கினதற்குக் காரணமாக ஒன்று சொல்லிவந்தார். கௌபாய் விளையாட்டில் வெள்ளைப் பையன்கள் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு கறுப்புப் பையன் தெருவில் அழுததைக் கண்டதாகச் சொன்னார். கறுப்பில் ஏது கௌபாய் என்றார்களாம்! பாட்டனார் செய்த வேலை. பேரன் அதை விளையாட்டாகக்கூட ஆடக்கூடாது. பாட்டனாரின் மெட்டு மாத்திரம் வேண்டும்.

நிற்க. இதெல்லாம் ஏழு கடலுக்கு அப்பாலுள்ள சங்கதி, இதற்கும் நமக்கும் என்ன என்று கேட்பவர்கள், கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கிக்கொள்ளட்டும். ஏனெனில் பாடிக்கொண்டே வந்த வேலையாள் ஒருவன் அந்த ஊர் மதிலண்டையிலும் நிற்கின்றான்.

நந்தன் கதையைச் சொல்கின்றோம். ஆதனூர்ப் புலையனாகப் பிறந்த நந்தன் என்ன செய்தான் என்று பெரிய புராணக்காரர் சொல்வதை அவர் சொற்படியே எடுத்துக்கொள்வோம். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தான். பூசைக்குக் கோரோசனை கொடுத்தான். இவ்வளவும் மாட்டிலிருந்து வந்தவை. செத்த மாட்டின் தோல் உள்ளே போகலாம், நரம்பு போகலாம், பித்தப்பையிலிருந்து எடுத்த கோரோசனைகூட மூலஸ்தானம் வரையில் போகலாம். அதை உரித்துப் பதப்படுத்திக் கொண்டுவந்து கொடுத்தவன் மாத்திரம் வெளியே நிற்கவேண்டும். தான் கட்டிக்கொடுத்த வாத்தியத்தின் சத்தத்தை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கவேண்டும். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டதாகப் பெருமையாய்ச் சொல்கின்றார்கள். கல் மாட்டுக்கு இருந்த கருணை, அங்கே நடமாடின மனிதர்களுக்கு இருந்ததாக அந்தக் கதையிலேயே இல்லை. கடைசியில் தில்லையிலே அவனைத் தீயில் இறக்கி, பூணூலும் சடையுமாக முனிவர் வேஷத்தில் வெளியே எடுத்து, பிறகே உள்ளே விட்டார்கள். அதாவது வேலையாள் நந்தன் உள்ளே போகவேயில்லை, போனது வேறொருவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாகப் பாடினபோது, பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரைச் சேர்த்தார். இதற்கு நாம் அவரைப் பாராட்டவே செய்கின்றோம். நந்தனுக்கு ஒரு எஜமான் இருந்தான் என்கின்ற உண்மை அதனால்தான் மேடைக்கு வந்தது. தில்லைக்குப் போக உத்தரவு கேட்கின்றான் நந்தன். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இராத்திரியில் அறுவடை செய்துவிட்டுப் போ என்கின்றான் எஜமான். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்! இந்த இடத்தில் ஒரு சண்டை வந்திருக்கவேண்டும். வரவில்லை. நந்தன் பாடுகின்றான், விடிவதற்குள் பூதகணங்கள் அறுத்துக் குவித்துவிடுகின்றன. அத்தனை ஆள் வேலை ஒரு பாட்டில் கரைந்து போகின்றது. கூலி எவ்வளவு, யாருக்கு என்கின்ற கேள்விக்கே இடமில்லை. ஹாலிவுட்டில் மாடு தானாக மேய்ந்தது. நம் ஊரில் நெல் தானாக அறுபட்டது. வேறுபாடு இவ்வளவுதான்.

இந்தக் கதை சினிமாக்காரருக்குத் தங்கச் சுரங்கமாயிற்று. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்று ஊரெல்லாம் பேசிற்று. அவர் குரலுக்கு அது தகும். ஒரு பெண் அத்தனை ரூபாய் கேட்டு வாங்கினது நமக்கு மகிழ்ச்சியே. 1942இல் ஜெமினியார் எடுத்ததில் தண்டபாணி தேசிகர் பாடினார். அவர் பாட்டை இன்றும் கேட்டால் நமக்கே தொண்டை அடைக்கின்றது. சங்கீதத்தின்மேல் நமக்குப் பகை என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அப்படித் தொண்டை அடைக்கச் செய்கிறபடியால்தான் அந்த நாற்பது வேலியும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றது என்பதையே சொல்லவருகின்றோம். படம் பார்த்து அழுதுவிட்டு வெளியே வந்த மிராசுதார்கள் மறுநாள் களத்தில் ஒரு மரக்கால் கூடுதலாய் அளந்து கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்களே, அது அரைப்படி நெல் கூலி கேட்ட தகராற்றின் முடிவுதான். அங்கே பூதகணங்கள் வரவில்லை. தீ மாத்திரம் வந்தது.

பாட்டுக்காவது அந்த மதிலுக்குள் இடமிருந்ததா என்றால் அதுவுமில்லை. சிற்றம்பல மேடையில் தமிழில் தேவாரம் பாட முயன்ற சிவனடியார் ஆறுமுகசாமி அடிபட்டார். அரசாங்கம் உத்தரவு போட்டு, போலீசுப் பந்தோபஸ்தோடு போய்த்தான் 2008 மார்ச்சில் அவரால் அங்கே பாட முடிந்தது. தேவாரத்தில் நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் ஒருவன் தன் பாஷையில் பாடுவதற்குப் போலீசு வேண்டியிருக்கிற இடத்தில், பாட்டு எல்லோரையும் ஒன்றாக்கும் என்று உபந்நியாசம் செய்கிறவர்களைக் கண்டால் சிரிப்புத்தான் வருகின்றது.

நந்தன் பேரால் செய்யப்பட்டவற்றில் உருப்படியான காரியம் என்று நாம் மதிப்பது, 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தொடங்கின நந்தனார் பள்ளிக்கூடத்தைத்தான். அவர் காவி கட்டினவர்; கடவுள் நம்பிக்கையில் அவருக்கும் நமக்கும் எட்டாத தூரம். ஆயினும் அவர் யாரையும் தீயில் இறங்கச் சொல்லவில்லை. பலகையும் புத்தகமும் கொடுத்தார். அந்தப் பள்ளியில் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் இந்த ஜில்லாவெங்கும் இருக்கின்றார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் இந்த வழியைத்தான் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் செய்த 'கிந்தனார்' காலட்சேபத்தில் நந்தனுக்குப் பதில் கிந்தன். அவன் ஏங்குவது கோயிலுக்கு அல்ல, படிப்புக்கு. உடுமலை நாராயணகவி எழுதினது. பாகவதர் வேஷம், ஜாலரா எல்லாம் பழையபடியே இருக்க, சரக்கை மாத்திரம் மாற்றிவிட்டார்கள். பாட்டினால் மறைக்கவும் முடியும், காட்டவும் முடியும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி நமக்குத் தெரியவில்லை.

பிற்காலத்துப் படங்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 1970களில் கர்ணன் என்பவர் ஜெய்சங்கரைக் குதிரைமேல் ஏற்றி, 'கங்கா', 'ஜக்கம்மா' என்று தொப்பியும் துப்பாக்கியுமாகத் தமிழிலேயே கௌபாய்ப் படங்கள் எடுத்தார். அதில் எல்லாம் இருந்தன, மாடுதான் இல்லை. மாடு வேண்டியவர்களுக்கு 1970இல் எம்.ஜி.ஆரின் 'மாட்டுக்கார வேலன்' வந்தது. அதில் மாட்டுக்காரனைப் படித்த கனவான் என்று தவறாய் எண்ணிக்கொண்டு மரியாதை செய்கின்றார்கள். எண்ணம் தவறாகாமலிருந்தால் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம். பிறகு 1987இல் 'எங்க ஊரு பாட்டுக்காரன்' வந்தது. ராமராஜன் மாடு கறந்துகொண்டே பாடினார், இளையராஜா சங்கீதம். அந்தப் பாட்டைப் பாடினால்தான் பால் கறக்கும் என்று ஊரெல்லாம் வேடிக்கை பேசுவது இன்றும் நின்றபாடில்லை. அவருடைய பளீரென்ற சட்டைகளைப் பார்த்தால் நமக்கு ராய் ராஜர்ஸ் ஞாபகம் வருகின்றது. அங்கேயும் சாணி ஒட்டாது.

கடலூர் முதுநகரில் தோழர் ஒருவர் வீட்டில் சென்ற மாதம் இந்தப் பேச்சு எழுந்தபோது, ஒரு வாலிபத் தோழர் கோபித்துக்கொண்டார். "நாள் முழுக்கப் பாடுபட்டவன் இரண்டரை மணி நேரம் தன்னை மறந்து பாட்டுக் கேட்கிறதும் உங்களுக்குப் பொறுக்கவில்லையா? மாட்டுக்காரனைக் கதாநாயகனாக்கி எங்கள் கிராமத்துக்காரனைக் கைதட்ட வைத்ததே அந்தப் படம்தானே?" என்றார். அதில் ஞாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். தன்னைப்போல் உடுத்தினவன், தன்னைப்போல் பேசினவன் திரையில் நின்றதைக் கண்டு தலை நிமிர்ந்தவர்கள் உண்டு. ஜெஃப்ரீஸ் படத்தைக் கண்ட கறுப்புப் பையனும் அப்படியே நிமிர்ந்திருப்பான். ஆனால் கைதட்டி முடித்து வெளியே வந்ததும் அதே மாடு, அதே கூலி, அதே வசவு இருக்கின்றதா இல்லையா என்றுதான் நாம் கேட்டோம். வாலிபத் தோழர் பதில் சொல்லாமல் டீ வாங்கிவரப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு கலியாண காரியமாகக் காட்டுமன்னார்கோயில் பக்கம் போயிருந்தோம். சம்பா அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். தெற்கேயிருந்து வருஷா வருஷம் வருகிற கிடைக்காரர்கள்தான். அவர்களில் வயதான ஒருவரிடம், இராத்திரிக் காவலில் பாடுவது உண்டா என்று கேட்டோம். "பாட்டுன்னு என்னங்க. இருட்டுல நம்ம ஆளுதான் நிக்கிறான்னு ஆட்டுக்குத் தெரியணும்ல, அதுக்கு ஏதாச்சும் குரல் கொடுத்துக்கிட்டே சுத்துறது" என்றார். டெக்சாஸ்காரன் சொன்ன அதே காரணம்! நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவேயில்லை. அவருக்குக் கூலி எப்படி என்று விசாரித்தோம். இராத்திரிக்கு இத்தனை ஆடு என்று கணக்கிட்டு வயல்காரர் கொடுப்பதாகச் சொன்னார்.

பேசிக்கொண்டிருக்கும்போது பத்துப் பதினொரு வயதுப் பையன் ஒருவன் குட்டிகளைக் கூடையில் போட்டு அடைத்துக்கொண்டிருந்தான். எத்தனையாவது வகுப்புப் படிக்கிறாய் தம்பி என்று கேட்டோம். பையன் கிழவர் முகத்தைப் பார்த்தான். கிழவர், "அவன் நல்லாப் பாடுவானுங்க" என்றார். உங்கள் பிள்ளையா என்று கேட்டதற்கு, இல்லை, இவன் அப்பனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கிறோம் என்றார். தஞ்சை, நாகை ஜில்லாக்களில் முன்பணத்துக்காக ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் விடப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கின்றோம். கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது 1976இல்.

பையனிடம் ஒரு பாட்டுப் பாடு என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே 1098க்குப் போன் செய்து, இடத்தையும் அடையாளத்தையும் சொன்னோம். குறித்துக்கொண்டார்கள். என்ன செய்தார்கள் என்பதை விசாரித்து அடுத்த இதழில் எழுதுவோம்.